குறை கேட்கும் முறை

பழைய தமிழ்ப் பதிப்புக்களைப் புரட்டிப் பார்ப்போர் அவற்றுட் பலவற்றில் ஒரு தாளைக் காண்பர். 'பிழையும் திருத்தமும்' என்பது அதன் தலைப்பு. பக்கம், வரி, பிழை, திருத்தம் எனப் பகுத்து, அச்சுக்கூடத்திலே கண்ணுக்குத் தப்பிய எழுத்துக்களை எல்லாம் பதிப்பாசிரியர் அதில் நிரல்பட எழுதி வைப்பர். அத்தாளை நாணிக் கிழித்தெறிந்த பதிப்பாசிரியர் ஒருவரை யாம் கேள்வியுற்றதில்லை. முகப்புத் தாளிலோ பதிப்பித்தவர் பெயரோடு பரிசோதித்தவர் பெயரும் நிற்கும். 1868 ஆம் ஆண்டில் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையருரையோடு வெளிவந்தது. வெளியிட்டவர் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. பரிசோதித்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். பிள்ளையவர்கள் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். தம்மினும் பத்தாண்டு மூத்த ஒருவர் தம் பணியைப் பார்த்துத் திருத்தினார் என்பதை உலகறிய அச்சிடுவதனால் தம் பெருமை குன்றும் என்று அவர் கருதினாரல்லர்.

ஏட்டுப் பிழையிலே இத்துணைப் பெருந்தன்மை காட்டிய நம்மவர், தொழிலிற் பிழை என்று ஒருவர் சொல்லும்போது அவ்வாறு நடந்துகொள்வதில்லை. முகஞ் சிவக்கின்றது, குரல் உயர்கின்றது, மறுமொழி கேள்விக்கு முன்னே ஓடுகின்றது. இஃது ஏன் நிகழ்கின்றது, இதனை எவ்வாறு அடக்கலாம் என்பனவற்றை ஆசிரியத் தொழிலை நிலைக்களமாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம். வாழ்த்துரைகள் நிறைந்த மலரிலே குறையைப் பற்றி ஒரு கட்டுரை இருப்பது நாவூறு கழிப்பதற்காயினும் உதவும்.

முதலில் நோயின் முதல் நாடுவாம். குறை கேட்டுச் சினப்பவன் செருக்குடையவன் என்று சொல்லிவிடுதல் எளிது. அஃது அரைகுறையான விளக்கமே. தச்சன் செய்த நாற்காலி ஆடுகின்றது என்றால், அவன் குனிந்து நாற்காலியின் காலைப் பார்க்கின்றான். பொருள் வேறு, தான் வேறாக அவன் முன்னே நிற்கின்றது. ஆசிரியன் செய்த பாடம் எங்கே நிற்கின்றது? அவனுடைய குரலும், பார்வையும், நடையும், நகைச்சுவையுமே பாடமாய் இருந்தன. மணி அடித்தவுடன் அது மறைந்தும் போயிற்று. 'பாடம் நன்றாயில்லை' என்ற சொல் சென்று தைப்பதற்கு அவனையன்றி வேறிடம் இல்லை. வழக்கறிஞருக்கும், மருத்துவருக்கும், சங்கீத வித்துவானுக்கும் இஃது ஒக்கும்.

இரண்டாவது காரணம் வரலாற்றிலே உள்ளது. 1862 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே ஒரு கல்விச் சட்டக்கோவை நடைமுறைக்கு வந்தது. வித்தியாதரிசி வந்து வாசிப்பு, எழுத்து, கணிதம் என்பவற்றிற் பிள்ளைகளைச் சோதிப்பார். எத்தனை பிள்ளைகள் சித்தியடைகின்றனரோ அதற்கேற்பவே பாடசாலைக்கு உதவிப்பணத்தின் பெரும்பகுதி கிடைக்கும். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்முறை இலங்கைக்கும் வந்தது. விளைவு யாதெனில், வித்தியாதரிசியின் கண்ணில் மண்ணைத் தூவுதலே ஒரு கலையாக வளர்ந்தது. வாசிப்புப் புத்தகத்தைப் பிள்ளைகள் முழுவதும் மனனஞ் செய்து, கையிலே தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் வாசிப்பர் என்று அக்காலத்தைப் பற்றி வேடிக்கையாகச் சொல்வதுண்டு. தாமே வித்தியாதரிசியாய் 35 ஆண்டு பணிபுரிந்த புலவர் மத்தியூ ஆர்ணல்ட் அம்முறையை வன்மையாகக் கண்டித்தார். குறை கண்டுபிடிப்பவன் சோற்றிலே கை வைப்பான் என்றால், அவனிடமிருந்து குறையை மறைப்பதே அறிவுடைமை ஆகிவிடுகின்றது. அம்முறை ஒழிந்து நெடுங்காலமாயிற்று. இன்று வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வரும் ஆசிரிய ஆலோசகர் கையில் எம் சம்பளம் இல்லை. எனினும் அவருடைய வாகனம் வாயிலில் நின்றவுடன் ஆசிரியர் அறையிலே பரவும் அமைதி பழைய அமைதியே.

இதற்கு நேர்மாறான ஏற்பாடு ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. பழைய மாணவருள் மருத்துவராயினோர் நன்கறிவர். மகப்பேற்றோடு தொடர்புற்று ஒரு தாய் இறப்பாளாயின் அவ்விறப்பு ஆராயப்படும். எவ்விடத்திலே தாமதம் நேர்ந்தது, எது தவிர்த்திருக்கத் தக்கது என்பனவே அங்கு முதன்மையான வினாக்கள். குற்றவாளியைத் தேடுதல் அதன் நோக்கமன்று. அவ்வாறிருத்தலினாலேதான் உண்மையைச் சொல்ல நா எழுகின்றது.

இனி, தற்காப்பு என்பது எவ்வாறு பேசும் என்று காண்பாம். எட்டாந் தரத்துத் தமிழ்ப் பாடமொன்றை ஆலோசகர் ஒருவர் பின்வாங்கிலே 40 நிமிடம் இருந்து கவனித்தார் என்க. முடிவில் அவர், 'ஐயா, செய்யுளை நன்றாக விளக்கினீர்கள். ஆயின் இந்நேரம் முழுவதிலும் பிள்ளைகள் வாய் திறந்தது மூன்று முறை மாத்திரமே' என்கின்றார். ஆசிரியர் உடனே மொழிகின்றார்: 'இது மந்தமான வகுப்பு.' 'பாடத்திட்டம் நீளம், பேசவிட்டால் முடியாது.' 'நேற்று இல்ல விளையாட்டுப் போட்டி. பிள்ளைகள் களைத்துப் போயினர்.' 'ஐயா படிப்பித்த காலத்தில் வகுப்பிலே எத்தனை பிள்ளைகள்?'

நான்கும் உண்மையாயிருக்கலாம். அதுவே இதிலுள்ள ஏமாற்று. உண்மையான கூற்றுக்களைக் கொண்டே ஒருவன் உண்மைக்கு எதிரே மதிலெழுப்பிவிட முடியும். முதல் மூன்றும் பாரத்தைப் பிறர் தலையிலும் காலத்தின் தலையிலும் இறக்குகின்றன. நான்காவது, சொன்னவர்மீதே பாய்கின்றது. 'மூன்று முறை' என்பதற்கு மறுமொழி எதிலும் இல்லை. அலுவலகங்களிலே பணிபுரியும் பழைய மாணவருக்கு இது விளங்கும். பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்கும் கணக்காய்வு ஐயவினாவுக்கு ஆளணிப் பற்றாக்குறையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்பினால் அவ்வினா தீர்ந்துவிடுமா? கோப்பு மறுபடியும் மேசைக்கு வரும்.

தற்காப்புக்கு விருப்பமான சொல் ஒன்று உண்டு. அஃது 'ஆனால்' என்பது. இலக்கணம் கற்கும் மாணவர் இதனைச் சிறிது நோக்குக. இன்று மறுப்புப் பொருளில் வழங்கும் இச்சொல், ஆகு என்னும் வினையடியாகப் பிறந்த எச்சம். செயின் என்னும் வாய்பாட்டைச் சார்ந்தது. மழை பெய்தால், அவன் வந்தால் என்பன போல, 'அவ்வாறு ஆகுமானால்' என்பதே அதன் பழம்பொருள். பிறன் கூறியதை ஒரு கணம் மெய்யென வைத்துக்கொண்டு மேலே செல்லுவதற்காக உண்டான சொல்லை, அவன் கூறியதைத் தள்ளுவதற்கு நாம் பயன்படுத்துகின்றோம். 'ஆனால் இது மந்தமான வகுப்பு' என்று தொடங்கவிருந்த ஆசிரியர், ஒரு சொல்லை முன்னே கூட்டி, 'அப்படியானால், எவ்விடத்தில் அவர்களை வினவியிருக்கலாம்?' என்று கேட்பாராயின் உரையாட்டு முழுவதும் வேறு வழிச் செல்லும். ஆலோசகர் இப்பொழுது குறிப்பிட்ட ஓரிடத்தைக் காட்ட வேண்டும். காட்டினாராயின் ஆசிரியருக்கு ஒரு பயன் கிடைத்தது. காட்ட இயலவில்லையாயின் குறையே பொதுப்படையானது என்பது சண்டையின்றி வெளிப்பட்டது.

இப்பொருளுக்கு எடுத்துக்காட்டாகத் தமிழாசிரியர் ஒருவருடைய வாழ்விலேயே நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதனைச் சற்று விரித்துரைப்பாம்.

1880 ஆம் ஆண்டிலே உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியிலே தமிழாசிரியராய் அமர்ந்தார். வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் ஆண்டுக்கணக்காகப் பாடங் கேட்டவர். திருவாவடுதுறை ஆதீனத்தாரின் அன்புக்கு உரியவர். அவ்வாண்டு ஒக்டோபர் 21 ஆந் தேதி, கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் கண்டு பேசச் சென்றார். யாரிடம் கற்றீர் என்று முதலியார் வினவினார். ஆசிரியர் பெயரைச் சொன்னவுடன் எழும் வியப்பு அம்முகத்தில் எழவில்லை. என்னென்ன நூல் கற்றீர் என்று வினவினார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள் என ஐயர் அடுக்கிச் சொன்னார். இவற்றாற் பயன் யாது என்னும் கருத்தோடு முதலியார் இருந்தார். புராணங்களையும் காவியங்களையும் சொன்னார்; அதுவும் போதவில்லை. ஈற்றில் முதலியார், இவற்றுக்கெல்லாம் முற்பட்ட பழைய நூல்களைக் கற்றதுண்டா என்று கேட்டு, சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்னும் பெயர்களைக் கூறினார். ஐயர் அவற்றைப் படித்தவரல்லர். அவருக்குக் கற்பித்த மகாவித்துவானும் அவற்றைப் பாடஞ் சொன்னவரல்லர்.

அந்நிலையில் அவருக்கு எத்தனை மதில்கள் ஆயத்தமாய் இருந்தன என்று எண்ணிப் பார்க்குக. 'நீர் நீதிமன்றத்தில் இருப்பவர். தமிழ்க் கல்வியை அளக்க உமக்குத் தகுதி யாது?' என்று நினைத்திருக்கலாம். 'என் ஆசிரியரே படியாத நூல் எனக்கு எதற்கு?' என்று குருபக்தியையே கேடயமாக்கியிருக்கலாம். 'சைவ மடத்திற் பயின்றவனுக்குச் சமண காவியம் வேண்டா' என்று சமயத்தையும் துணைக்கு அழைத்திருக்கலாம். இம்மூன்றும் அக்காலத்துச் சபைகளிலே எடுபடக்கூடிய வாதங்களே. அவர் சொன்னது வேறு. அந்நூல்கள் கிடைக்கவில்லை, கிடைத்தாற் படித்தறியும் துணிவு உண்டு என்றார்.

இம்மறுமொழியில் தன்மானம் இல்லையென்று யாம் சொல்லவில்லை, நிரம்ப உண்டு. குறை கேட்பவன் தன்மானத்தை வாயிலிலே கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும் என்று உபதேசிப்போர் மனிதரை அறியாதவர். ஐயருடைய தன்மானம் கடந்தகாலத்தைக் காக்க நிற்கவில்லை. இனிச் செய்ய இருப்பதன்மேற் சென்று நின்றது. முதலியார் கொடுத்த படியைப் பெற்றுப் படிக்கத் தொடங்கியபோது அவருக்கு எளிதில் விளங்கவில்லை. சமண சமயக் கொள்கைகளும் மரபுகளும் பழக்கமற்றவை. ஆகவே கும்பகோணத்திலிருந்த சைனர் வீடுகளை நாடிச் சென்று, கல்லூரித் தமிழாசிரியர் என்னும் பதவியைப் பாராது, அவர்களிடம் கேட்டறிந்தார். சிந்தாமணி நச்சினார்க்கினியருரையோடு 1887 இல் வெளிவந்தது. பின்பு 1889 இற் பத்துப்பாட்டு, 1892 இற் சிலப்பதிகாரம், 1894 இற் புறநானூறு, 1898 இல் மணிமேகலை. ஓர் இளம் ஆசிரியர் அன்று கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் இவை அக்காலத்திலே நம் கைக்கு எட்டியிரா என்று எண்ணும்போது உடல் சிலிர்க்கின்றது. சிந்தாமணிப் பதிப்புக்குக் கண்டனங்களும் எழாமலில்லை. இருபதாண்டின் பின், 1907 இல், இரண்டாம் பதிப்பு வந்தது, திருத்தங்களோடே வந்தது.

இதனோடு திருவிளையாடலிலே வரும் தருமியையும் ஒப்புநோக்கலாம். அக்கதையைச் சொல்வோர் யாவரும் நக்கீரரையே புகழ்வர். குறை சொல்லப்பட்டவனுடைய நிலையை எண்ணுவோர் சிலரே. சங்கத்திலே செய்யுளிற் குற்றங் கூறப்பட்டபோது தருமி ஏன் வாயடைத்துப் போனான்? செய்யுள் அவனுடையதன்று. இயற்றாத ஒன்றை அவன் விளக்குவது எவ்வாறு? கோயிலுக்கு ஓடி அழுவதன்றி அவனுக்கு வேறு வழியில்லை. சென்ற ஆண்டின் பாடக் குறிப்பை அப்படியே பெயர்த்தெழுதிக்கொண்டு வகுப்புக்குச் செல்வோருக்கும், பிறர் எழுதிய அறிக்கையிலே கையொப்பம் இட்டு அனுப்புவோருக்கும் இதே நிலைதான். தாமே எண்ணிச் செய்த பணியாயின், 'இதனை ஏன் இவ்வாறு செய்தீர்?' என்ற வினாவுக்கு மகிழ்ச்சியோடு விடை சொல்லலாம். இரவற் பணிக்கே சினம் துணையாக வேண்டியிருக்கின்றது. தருமிக்காக வாதிட இறைவன் வந்தான். நமக்கு அத்துணைப் பேறு வாய்ப்பது ஐயமே.

எனின், கூறப்படும் குறைகளை எல்லாம் தலைவணங்கி ஏற்றுக்கொள்ள வேண்டுமா? அன்று. இவ்விடத்தில் எமக்குக் கைகொடுப்பது பவணந்தி முனிவரின் நன்னூல். அதன் பாயிரத்திலே, பிறர் கொள்கையை எதிர்கொள்ளும் நூலாசிரியன் மேற்கொள்ளத்தக்க நிலைகள் ஏழு வகுக்கப்பட்டுள்ளன. எழுவகை மதம் எனப்படும். பிறர் கூறுவதற்கு உடன்படுதல் முதலாவது, மறுத்தல் இரண்டாவது, முதலில் ஏற்றுக்கொண்டு பின் ஆராய்ந்து களைதல் மூன்றாவது, தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்துதல் நான்காவது, இருவர் மாறுபடும்போது ஒரு பக்கந் துணிதல் ஐந்தாவது, பிறர் நூலிற் குற்றங் காட்டுதல் ஆறாவது, எவரோடும் சேராது தன் கொள்கையையே கொள்ளுதல் ஏழாவது. இவை நூல் யாப்பவனுக்குச் சொல்லப்பட்டவை; தொழில் செய்பவனுக்கும் பொருந்தும் என்பது எம் துணிபு. நாம் செய்வது யாதெனில், குறை காதில் விழுந்தவுடன் ஏழாவதிலே தொடங்கி, ஆறாவதற்கு வந்து, அங்கேயே இருந்துவிடுகின்றோம். உடன்படுதல் முதலில் வைக்கப்பட்டது என்பதை நோக்குவாரில்லை.

எமக்கு மிகவும் பயன்படுவது மூன்றாவது. 'பிள்ளைகள் பேசவில்லை' என்ற குறையை ஒரு கிழமைக்கு மெய்யென்றே ஏற்றுக்கொள்க. அக்கிழமையில் ஒவ்வொரு பாடத்திலும் பிள்ளைகள் எத்தனை முறை வாய் திறந்தனர் என்று வெண்கட்டியால் கரும்பலகையின் மூலையிலே ஒரு கோடு இட்டு எண்ணுக. எண்ணிக்கை வேறாயிருப்பின், குறை அவ்வொரு நாளுக்கே உரியது என்று களைந்துவிடலாம். அவ்வாறு களைவதற்கு ஆதாரமும் கையில் இருக்கும். எண்ணிக்கை ஒத்திருப்பின் வாதிட வேண்டியதே இல்லை. இதற்கு வேண்டியது ஒரு கிழமைப் பொறுமை மாத்திரம். கேட்டவுடன் எழுதிக்கொள்ளுதலும் நன்று. சொன்னவருடைய சொற்களிலேயே எழுதுக. நம் சொற்களில் எழுதினால், எழுதும்போதே குறை பாதி தேய்ந்துவிடும். எழுதும் கைக்கு வேலை இருக்கையில் நாவுக்கு ஓய்வு கிடைக்கின்றது என்பது மேலதிக இலாபம்.

திருவள்ளுவர் இறைமாட்சி அதிகாரத்திலே, செவிக்குக் கைக்கும் சொல்லைப் பொறுக்கும் வேந்தனைப் புகழ்கின்றார். சொல் கைக்காது என்று அவர் கூறவில்லை. கைப்பு இருக்கவே இருக்கும். வேப்பம்பூ வடகம் போல அதனோடேயே உண்ண வேண்டும். அன்றியும், இதனைக் குடிமகனுக்குச் சொல்லாமல், சொன்னவன் தலையைக் கொய்விக்கும் வலியுடைய வேந்தனுக்குச் சொன்னார் என்பதை அதிபராயும், பணிப்பாளராயும், முகாமையாளராயும் உயர்ந்துள்ள பழைய மாணவர் கருத்திற் கொள்வர் என நம்புகின்றோம். பதவி உயர உயரக் குறை சொல்வோர் தொகை குறைகின்றது. குறை குறைந்துவிட்டது என்று அதற்குப் பொருள்கொள்ளுதல் ஆபத்தானது.

மாணவருக்கு ஒரு சொல். கட்டுரைக் கொப்பியைத் திருத்திக் கொடுத்தவுடன் பலர் செய்வது, புள்ளியை மாத்திரம் பார்த்துவிட்டு மூடி வைத்தலே. சிவப்பு மை நிறைந்த பக்கம் மேசைக்கு அடியிலே மறைகின்றது. ஒரு பக்கத்தைத் திருத்துவதற்கு எம்போன்றோர் செலவிடும் நேரத்தைக் கணக்கிட்டால், அம்மை நிறைந்த பக்கமே அக்கொப்பியில் விலைமதிப்புள்ளது. அடுத்த கட்டுரை எழுதுமுன் அப்பக்கத்தை எதிரே விரித்து வைத்துக்கொள்ளும் மாணவர் வகுப்புக்கு இருவரோ மூவரோ இருப்பர். அவர்கள் கெட்டிக்காரராய் இருக்க வேண்டுமென்பதில்லை. ஆண்டிறுதியில் அவர்களுடைய எழுத்தைப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

ஆசிரியருக்கும் ஒரு சொல் உண்டு. 'ரகரம், றகரம் கவனிக்க' என்று பத்தாவது முறையாக எழுதுகின்ற நாம், அப்பிள்ளைக்கு அவ்வேறுபாட்டை ஒலித்துக் காட்டிய நாள் எது? குறை கேட்கும் முறை என்று தலைப்பிட்டோமாயினும், குறை சொல்வோரையும் இங்கு விட்டுவிடுதற்கில்லை. இராமசாமி முதலியார் 1880 இலே அவ்விளைஞரிடம் உமது கல்வி போதாது என்று காட்டியதோடு நின்றிருந்தால், அவர் நூற்றுள் ஒருவராய் மறக்கப்பட்டிருப்பார். தம்மிடமிருந்த சிந்தாமணிப் படியை எடுத்துக் கொடுத்தார். கொடுத்ததோடு நில்லாமல், ஐயர் படித்துச் சொல்ல உடனிருந்து கேட்டார். பின்பு சென்னைக்கு வழக்கறிஞராய்ச் சென்றபோது, பதிப்பு வேலையாக அங்கு வந்த ஐயருக்குத் தம் வீட்டிலே இடமுங் கொடுத்தார்.